பக்கத்து வீட்டுப் பால் பை

எங்கள் குடியிருப்பில் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைப் பால் பை சொல்லிவிடும். இரவு படுக்கப் போகுமுன் கதவுக் கைப்பிடியில் ஒரு துணிப்பையை மாட்டிவைக்க வேண்டும். விடிகாலை ஐந்தரை மணிக்குப் பால் போடுகிறவர் அதில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார். ஏழு மணிக்குக் காவலாளி சைக்கிளில் ஒரு சுற்று வருவார். பை உள்ளே போயிருந்தால் ஆள் நலம். கனத்துத் தொங்கினால் மூன்று முறை மணி அடிப்பார். பதில் இல்லையென்றால் அலுவலகத்திலிருந்து மாற்றுச் சாவி வரும். பின்னாலேயே நர்ஸ், மேலாளர், சக்கர நாற்காலி எல்லாம் வரும்.

செங்கல்பட்டைத் தாண்டி, ஒரு ஏரிக்கும் நெல் வயலுக்கும் நடுவே, ஓய்வு பெற்றவர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள் இவை. மூன்று வேளைச் சாப்பாடும் பொதுக்கூடத்தில். காபி மட்டும் அவரவர் அடுப்பில். சாம்பாரை அடுத்தவர் கையில் ஒப்படைத்த நாங்கள் டிகாஷனை ஒப்படைக்கவில்லை. பால் பை முறை பலிப்பதற்கு அதுதான் காரணம். எங்கள் ஆட்களில் ஒருவர் காலை ஏழு மணிவரை காபி குடிக்கவில்லை என்றால், நர்ஸை அனுப்புவதில் தவறே இல்லை.

பெரும்பாலானவர்கள் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு. வீட்டை விற்றுவிட்டு வந்து வருடக்கணக்கானாலும் சாப்பாட்டுக் கூடத்தில் இன்னும் 'அடையாறு மேஜை', 'தி.நகர் மேஜை' என்றுதான் பெயர். நான் கோபாலபுரம், தனி ஆள், எந்த மேஜையிலும் இடம் கிடைக்கும். ஒரு நாளிதழில் முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்கள் எழுதிய செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன். இங்கு வந்த பிறகு திருத்துவதற்குக் கூடத்து வாசலில் எழுதிப் போடும் உணவுப் பட்டியல் மட்டும்தான் இருக்கிறது. 'ரசம்' என்று எழுதியிருப்பதைப் பலமுறை அடித்துவிட்டு 'வெந்நீர்' என்று எழுதியிருக்கிறேன். யார் செய்வது என்று நிர்வாகம் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது.

பக்கத்து வீட்டில் மயிலாப்பூர் மாமி. பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தாறு. எண்பது என்று யாராவது முழுமையாக்கினால், நான்கைத் திருப்பிக் கேட்பார். கணவர் இல்லை. மகன் அமெரிக்காவில்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் கூடத்தில் மாமிக்குத் தலை சுற்றியது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார், உட்கார்ந்தார், மோர் குடித்தார், வீட்டுக்கு நடந்து போனார். அவ்வளவுதான். ஆனால் அது சம்பவப் பதிவேட்டில் ஏறியது. மகனுக்குத் தகவல் போனது. பணியாளர் துணையில்லாமல் அம்மாவை வெளி கேட்டைத் தாண்ட விடக்கூடாது, இன்னொரு சம்பவம் நடந்தால் கவனிப்புப் பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்று அவர் அங்கிருந்தே சம்மதம் எழுதி அனுப்பினார்.

கவனிப்புப் பிரிவு என்பது ஏரியைப் பார்த்த கட்டிடம். நல்ல காற்று. அறைக்குப் பூட்டு கிடையாது, அடுப்பு கிடையாது. காபி தட்டில் வரும், இரண்டு பிஸ்கட்டுடன்.

"கலந்த காபி வருமாம் சார். யாரோ கலந்தது," என்றார் மாமி. தூக்குத்தண்டனையைப் பற்றிக்கூட அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். "ஆத்துக் கதவை நான் சாத்தினா சாத்தியிருக்கணும். அங்கே போனா அந்தக் கதை முடிஞ்சுது."

ஆக, மாமிக்கு இன்னொரு சம்பவம் நடக்கக் கூடாது. அதற்காக அவர் என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு சனிக்கிழமையும் சுவரேறிக் குதிக்காத குறையாகக் குடியிருப்பை விட்டு ஓடிப்போனார்.

காய்கறித் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு சின்ன கேட் இருக்கிறது. எருவண்டி வருவதற்காக ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள். அதன் வழியாக ஐந்தே காலுக்கு வெளியே போய், ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்டேஷன், மின்சார ரயிலில் கிண்டி, அங்கிருந்து பஸ்ஸில் மயிலாப்பூர். எட்டு மணிக்குத் தெற்கு மாட வீதி. பதினொரு மணிக்கு வெள்ளரிக்காயும் கையுமாக அதே பின்கேட் வழியாகத் திரும்பி வந்து, தோட்டத்தில் உலாவிவிட்டு வருவது போல வருவார். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். அது எங்கே இருக்கிறது என்று மகன் அமெரிக்காவிலிருந்தே பார்க்க முடியுமாம்.

ஒரே சிக்கல் பால் பை. பால் போடுகிறவர் வருவதற்கு முன்பே மாமி கிளம்பிவிடுவார். எனவே என்னிடம் வந்தார்.

"சனிக்கிழமை என் பாலையும் எடுத்து உங்காத்து ஃபிரிட்ஜுல வெச்சுடறேளா?"

"எங்கே போகிறீர்கள் என்று சொன்னால்."

"காய் வாங்க."

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாலு பாத்தி தள்ளிக் கத்திரிக்காய் காய்த்துத் தொங்கியது. யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம்.

என்னால் நம்ப முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை நானும் கூடவே போனேன். இரண்டு பைகளையும் எடுத்துவைக்க எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, முதல் பக்கத்துக்குச் செய்தி சேகரிக்கப் போகிறவன் மாதிரி போனேன்.

தெற்கு மாட வீதியில் ஒரு பூட்டிய கடையின் படியை ஒட்டிச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார் அந்தக் காய்கறிக்கார அம்மா. அறுபது வயதிருக்கும். மாமி நின்றார். வணக்கம் இல்லை, சௌக்கியமா இல்லை. குனிந்து ஒரு பீன்ஸை எடுத்து ஒடித்தார். அடுத்ததையும் ஒடித்தார்.

"இன்னா மாமி, வந்ததும் வராததுமா ஒடிச்சிக்கினு! ஒடிஞ்ச பீன்ஸ வச்சி நான் இன்னா தோரணமா கட்டப்போறேன்?"

"ஒடியறதா பாரு! வளையறது. இது பீன்ஸா, ரப்பரா?"

"ரப்பரு வோணும்னா ஸ்கூல் கடைக்குப் போ. டீச்சராச்சே, சும்மாவே குடுப்பான்."

"முப்பது வருஷமா முத்தல் காயைத் தலையில கட்டற."

"முப்பது வருசமா அதத்தான துன்னுட்டுக் கல்லு மாரி கீற!"

இருபது நிமிடம் நடந்தது. பூக்காரர் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிவில் மாமி கால் கிலோ பீன்ஸும் இரண்டு வெள்ளரிக்காயும் வாங்கினார். அந்த அம்மா கறிவேப்பிலையைக் கொசுறாகப் பைக்குள் வீசினார். கொடுத்தார் என்று சொல்ல முடியாது. மாமியின் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. எழுபத்தாறிலிருந்து சரியாகப் பத்து.

திரும்பி வரும்போது ரயிலில் சொன்னார்: "அங்கே யாரோட சண்டை போடறது சார்? 'குட் மார்னிங் மேடம்'னா 'குட் மார்னிங்'. 'ரசம் நன்னாவே இல்லை'ன்னா 'சாரி மேடம்'. சாரின்னுட்டா அப்புறம் என்ன பேசறது?"

விசாரித்ததில் இன்னொரு தகவலும் கிடைத்தது. அந்த அம்மாவும் இப்போது மயிலாப்பூரில் இல்லை. அடையாற்றங்கரையில் இருந்த குடும்பம். கரையைக் காலி செய்தபோது நகரத்துக்கு வெளியே ஒரு எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து வருகிறார். மயிலாப்பூர்த் தெருவில் நின்று மயிலாப்பூர்ச் சண்டை போட, இரண்டு பேரும் ஊருக்கு வெளியிலிருந்து வருகிறார்கள்.

அதற்குப் பிறகு நான் பால் எடுத்துவைக்கச் சம்மதித்தேன். ஒருமுறை ரயில் தாமதமாகிவிட்டது என்று சொல்ல மாமி அந்த அம்மாவின் கைபேசியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். அப்படித்தான் என் எண் அங்கே போய்ச் சேர்ந்தது.

பல சனிக்கிழமைகள் எந்தக் குறையுமில்லாமல் போயின. ஆறு மணிக்கு எழுந்து, முதலில் பக்கத்து வீட்டுப் பை, பிறகு என் பை. ஏழு மணிக்குக் காவலாளி சைக்கிளில் தாண்டிப் போவதை என் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். இந்த வயதில் ஒரு நிர்வாகத்தை ஏமாற்றுவதில் உள்ள சுகத்தை எந்த மருத்துவரும் எழுதிக் கொடுப்பதில்லை.

சொல்ல வந்த சனிக்கிழமையும் அப்படித்தான் தொடங்கியது. மாமி வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. பையை எடுத்தேன். கதவோரம் அவருடைய கறுப்புச் செருப்பு ஜோடியாக இருந்தது. பார்த்தேன். பார்த்ததைப் படிக்கவில்லை. முப்பது வருடம் பிழை திருத்தியவன், தலைப்பிலேயே இருந்த பிழையைத் தாண்டிப் போனேன். ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே போனேன் என்று பின்னால் தெரிந்தது.

எட்டே முக்காலுக்குக் கூடத்தில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"சார், மாமி இன்னா இன்னும் வரல? பீன்ஸ எடுத்து வச்சிக்கினு குந்திகீறேன். ரெண்டு பேர் கேட்டாங்கோ, குடுக்கல."

"ரயில் தாமதமாக இருக்கும் அம்மா."

"அதெல்லாம் இல்ல. கிண்டிலருந்து வர்ற பூக்காரன் வந்துட்டான், ரயிலு ஒயுங்காத்தான் வந்துச்சாம். போன வாரம் கெளம்பச் சொல்லோ, 'அடுத்த வாரம் வரேன், உன்னை உண்டு இல்லைன்னு பண்றேன்'னு சொல்லிட்டுப் போச்சு. வராம இருக்காது சார்."

அப்போதுதான் அந்தச் செருப்பை நான் படித்தேன்.

மாமி வீட்டைவிட்டுக் கிளம்பவே இல்லை. உள்ளே இருக்கிறார். ஏதோ ஆகியிருக்கிறது. ஏழு மணிக்குக் கண்டுபிடித்திருக்க வேண்டியதை, பாலை எடுத்துவைத்து நான் மறைத்துவிட்டேன்.

ஓடினேன். எங்கள் குடியிருப்பில் யாரும் ஓடுவதில்லை. வேகமாக நடப்பவரையே "என்ன சார் அவசரம்?" என்று நிறுத்தி விசாரிப்பார்கள். எழுபத்தொரு வயதுக்காரன் ஒருவன் கையில் பேசும் கைபேசியும் சட்டையில் பொங்கலுமாகப் புல்வெளியைக் குறுக்கே கடந்து ஓடுவது, காவலாளி அறைக் கேமராவில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"யாரு? சாரா? இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

உயிரோடு, கோபத்தோடு இருந்தார். நான் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினேன்.

நடந்தது இதுதான். பாதுகாப்புக்காக எங்கள் குளியலறைக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. தாழ்ப்பாள் இல்லாத அறையில் குளிப்பது, எழும்பூர் ஸ்டேஷன் நடைமேடையில் குளிப்பது போல் இருக்கிறது என்று சொல்லி, மாமி ஊர் ஆசாரியை வரவழைத்து ரகசியமாக ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். எனக்கே தெரியாது. மழைக்குக் கதவு ஊறித் தொங்கிவிட்டது. நாலரைக்குக் கோலம் போட்டுவிட்டுக் குளிக்கப் போனவர், குளித்து, புடவை மாற்றிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தால், வரவில்லை.

"காலம்பர பை சரசரன்னது. 'சார், சார்'னு தொண்டை கிழியக் கத்தினேன். நீங்க பாட்டுக்குப் பாடிண்டே போறேள்!"

காது மெஷினை நான் எட்டு மணிக்குத்தான் மாட்டுவேன். அதை அப்போது சொல்லவில்லை.

"காவலாளியைக் கூப்பிடவா?"

"கூப்பிட்டா இது சம்பவம். தாழ்ப்பாளும் சம்பவம். நான் இங்கேயே இருந்துடறேன், போங்கோ."

என் கையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. கைபேசியை நான் அணைக்கவே இல்லை.

"சார், ஸ்பீக்கர்ல போடு. எங்க வூட்ல இது தெனம் நடக்கறதுதான். மாமி, கேக்குதா? தாப்பாள இய்க்காத. கதவு தொங்கிப்போய்க்கீது."

"நீ யாருடி என் கதவைப் பத்திச் சொல்ல?"

"ஆ, பேசுது! மாமிக்கு ஒண்ணியும் இல்ல சார். கதவுக்குக் கீய எதுனா வச்சி நெம்பித் தூக்கு. தூக்கிக்கினு இருக்கச் சொல்லோ மாமி உள்ளருந்து இய்க்கணும். கடப்பாறை கீதா?"

முதியோர் குடியிருப்பில் கடப்பாறைக்கு எங்கே போவது? தோசைத் திருப்பியை வைத்தேன், வளைந்தது. அப்போது மூலையில் ஒரு கைத்தடி கண்ணில் பட்டது. தலைசுற்றலுக்குப் பிறகு நிர்வாகம் கொடுத்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. உறையோடு கதவின் கீழே செருகி நெம்பினேன்.

"தூக்கிட்டியா சார்? மாமி, இப்ப இழு!"

"இழுக்கறேன், இழுக்கறேன், விரட்டாதே!"

"இன்னாத்த இய்க்கற, பீன்ஸ ஒடிக்கற வேகம் எங்க போச்சு? இரு, இரு. உன்னச் சொல்லல நைனா, கேரட்டு அரைக் கிலோவா? மாமி, இழு!"

கதவு திறந்தது. தலையில் துண்டு கட்டிய மாமி கம்பீரமாக வெளியே வந்தார். பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை சொல்லி முடித்துவிட்டாராம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சட்டை நனைந்திருந்தது. மூச்சு சீழ்க்கை அடித்தது.

அந்த நேரத்தில் வாசலில் பாட்டரி வண்டி வந்து நின்றது. மேலாளர், நர்ஸ், சக்கர நாற்காலி. மேலாளர் முன்பு பெரிய ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்தவர். பேரிடருக்கும் புன்னகையோடுதான் வருவார். மாமி குளியலறைக் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டார். நான் கைபேசியின் வாயைப் பொத்தினேன்.

மேலாளர் மாமியைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்தார்.

"சார், ரிலாக்ஸ். ஓடினீங்கன்னு செக்யூரிட்டி சொன்னாங்க. என்ன பண்ணுது?"

அவர்கள் வந்தது எனக்காக.

மாமியைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லமாட்டார், கணக்கு ஆசிரியை. ஆனால் நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். செய்தி வேலையில் இருந்த வருடங்களில் தெரிந்து ஒரு பொய்ச் செய்தியை நான் விட்டதில்லை. அன்று விட்டேன்.

"கொஞ்சம் மயக்கமாக வந்தது. அதுதான் மாமி வீட்டுக்கு ஓடி வந்தேன்."

"மேடம், அப்படியா?"

"ஓடித்தான் வந்தார்," என்றார் மாமி. முழு உண்மை.

நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். என்னை நாற்காலியில் ஏற்றினார்கள். பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே, காரணம் என்ற இடத்தில் 'ஓட்டம்' என்று எழுதினார்கள். இரண்டு நாள் கவனிப்புப் பிரிவு.

அங்கே காபி உண்மையிலேயே தட்டில் வந்தது. இரண்டு பிஸ்கட். குடித்துப் பார்த்தேன். அடுத்தவர் கலந்த காபிக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் குறை இருந்தது. மாலையில் மாமி பார்க்க வந்தார். பூட்டில்லாத கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"தாழ்ப்பாளைக் கழட்டிட்டேன் சார்."

"நல்லது."

"ஏழு மணிக்கே கண்டுபிடிச்சிருப்பா. நான்தான் வேண்டாம்னு ஏற்பாடு பண்ணினேன். விழுந்திருந்தா?"

"நான்தானே பாலை எடுத்தேன்."

"ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி," என்றார். அதையும் வகுத்துத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை மாமி அலுவலகத்துக்குப் போனார். வெளியே செல்வோர் பதிவேட்டை வாங்கி, வரப்போகும் சனிக்கிழமைக்கு எதிரே 'மயிலாப்பூர், தனியாக' என்று எழுதினார். 'நோக்கம்' என்று ஒரு பத்தி இருக்கிறது. எல்லோரும் கோயில், டாக்டர், உறவினர் என்று எழுதுவார்கள். மாமி 'சண்டை' என்று எழுதினார். இத்தனை நாள் பின்கேட் வழியாகப் போனதையும் சொல்லிவிட்டார். தாழ்ப்பாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மேலாளரின் புன்னகை முதல்முறையாகக் கலைந்ததாம். அங்கேயே மகனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். மாமி போனை வாங்கினார்.

"சம்மதம் எழுதி அனுப்பினது நீ. ஆனா கால் என்னோடது. பின்கேட்டால போக மாட்டேன். போனை எடுத்துண்டு போறேன். எங்க இருக்கேன்னு நாள் பூரா பார்த்துண்டிரு."

அதற்கு மகன் கேட்ட கேள்வியை மேலாளரே எனக்கு நடித்துக் காட்டினார்: "அந்தக் காய்கறிக்காரம்மா இன்னுமா உன்னைத் தாங்கிண்டிருக்கா?" சின்ன வயதில் பையைத் தூக்கிக்கொண்டு, மானம் போக அந்தச் சண்டைகளுக்குப் பக்கத்தில் நின்றவராம் அவர். சம்மதித்தார். ஒரு நிபந்தனை: போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மா குடியிருப்புக்குத் தகவல் சொல்ல வேண்டும். எண் என்னிடம் இருந்ததால் தகவலைப் பதிவேட்டில் எழுதும் வேலை எனக்கு வந்தது.

எனக்கு வேறு வெளிவேலையும் இல்லை. சம்பவம் என் பெயரில் இருப்பதால், ஒரு மாதம் பணியாளர் துணையில்லாமல் நான் கேட்டைத் தாண்டக் கூடாது. இப்போது காவலாளி என் பால் பையைத்தான் ஆறே முக்காலுக்கே வந்து பார்க்கிறார்.

அடுத்த சனிக்கிழமை அதிகாலை மாமி முன்வாசல் வழியாக, செருப்பு சத்தமிட, காவலாளிக்குக் கையசைத்துவிட்டுப் போனார். அவர் பையில் பால் கிடையாது. வெள்ளிக்கிழமையே வேண்டாமென்று சொல்லியிருந்தார். ஆனாலும் காது மெஷினை மாட்டிக்கொண்டு போய் அவர் கதவை இரண்டு முறை தட்டினேன். செருப்பு இருந்த இடத்தைப் பார்த்தேன். காலி.

எட்டு மணி பத்து நிமிடத்துக்குக் கைபேசி அடித்தது.

"சார், வந்துட்டாங்கோ. கத்திரிக்காய்க் காம்பப் புட்டுப் பாத்துக்கினு கீறாங்கோ. இன்னா மாமி, அது காயா இல்ல குயந்தையா, காதத் திருவற! வைக்கறேன் சார், வேல கீது."

பதிவேட்டை எடுத்து எழுதினேன்: 'போய்ச் சேர்ந்தார். சண்டை நடந்துகொண்டிருக்கிறது.'